வைக்கோல் காகிதம்: கறுப்புத் திரவத்தை என்ன செய்வது?

ஆசிரியருக்கு வணக்கம்.

வைக்கோலை எரிக்காமல் காகிதமாக்கலாம், டெல்டாவில் அதற்குச் சிறு ஆலைகள் வரவேண்டும் என்ற கட்டுரையை உங்கள் இதழில் படித்தேன். காகித ஆலையின் கூழ்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கட்டுரையில் விடுபட்டுப்போன ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வைக்கோலைக் காஸ்டிக் சோடாவில் போட்டு, நீராவி அழுத்தத்தில் வேகவைத்தால் நாரைப் பிணைத்திருக்கும் லிக்னின் கரைந்துவிடும். போட்ட வைக்கோலில் ஏறக்குறைய பாதிதான் கூழாகத் தேறும். மீதி, காரத்தோடு கலந்த கறுப்புத் திரவம். பெரிய ஆலைகள் இதைச் சுண்டவைத்துக் கொதிகலனில் எரித்து நீராவி எடுக்கின்றன. அடியில் மிஞ்சும் உப்பில் சுண்ணாம்பு சேர்த்து மறுபடி காஸ்டிக் சோடா செய்துகொள்கின்றன. ஆலைக்கும் ஆற்றுக்கும் இந்த மீட்புதான் உயிர்.

வைக்கோல் தகராறு செய்வது இங்கேதான். நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை, அதாவது மணலில் இருக்கும் அதே பொருளை, ஏராளமாக உறிஞ்சுகிறது. வைக்கோலின் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு அதுதான். அது காரத்தில் கரைந்துபோய், சுண்டவைக்கும் குழாய்களுக்குள் கல்லாகப் படியும். சுண்ணாம்பு சேர்க்கும்போது உண்டாகும் சேற்றையும் தெளியவிடாது. கரும்புச் சக்கையில் சிலிக்கா மிகவும் குறைவு. கரூர் மாவட்டம் புகழூரில் 1980களிலிருந்து சக்கையில் பெரிய அளவில் காகிதம் செய்ய முடிகிறதென்றால் அதுவும் ஒரு காரணம்.

மீட்பு வசதி இல்லாத சிறு ஆலைகள் பல இந்தத் திரவத்தை ஓடைகளில் விட்டதால்தான், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2003இல் கடுமை காட்டியது: மீட்புப் பிரிவு அமையுங்கள், இல்லையென்றால் கழிவுக் காகிதத்துக்கு மாறுங்கள் என்றது. காவிரிக் கரையில் அதே கதை மறுபடி நடக்கக் கூடாது.

அப்புறம், நம் பக்கம் வைக்கோல் வெறும் குப்பை இல்லை. மாடு வைத்திருப்பவர்களைக் கேட்டால் கட்டு என்ன விலை விற்கிறது என்று சொல்வார்கள்.

வைக்கோல் காகிதமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மானியம் கேட்டு வரும் ஒவ்வொரு ஆலையிடமும் கறுப்புத் திரவத்தை எப்படி மீட்பீர்கள் என்று அரசு எழுத்தில் வாங்க வேண்டும். தனித்தனியே கட்ட வசதியில்லாத சிறு ஆலைகளுக்குப் பொதுவான மீட்பு நிலையம் அமைக்க முடியுமா என்று வல்லுநர்களிடம் கேட்டு, கட்டுரையின் அடுத்த பகுதியில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காகித ஆலைத் தொழிலாளி,
ஈரோடு