கேட்டால் நினைவு வந்துவிடும் என்று கேட்காமல் இருக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொடிய நிகழ்வுகளுக்கு ஆளான வளரிளம் பருவத்தினரைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை அக்கறையோடு எழுதப்பட்டிருந்தது. ஆனால் அதன் ஓரத்தில் பெற்றோருக்கென்று அச்சிட்டிருந்த பெட்டிச் செய்தியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. 'நடந்ததை ஒருபோதும் நினைவூட்டாதீர்கள். காலம் ஆற்றிவிடும்' என்பது அதன் முதல் வரி. பள்ளி ஆலோசகராக வேலை பார்க்கும் எனக்கு இந்த வரி புதிதல்ல. பிள்ளையைப் பல மாதம் தாமதமாக அழைத்துவரும் பெற்றோர் பலரும் இதைத்தான் சொல்கிறார்கள்.

அந்தப் பிள்ளை மறந்திருந்தால்தானே நாம் நினைவூட்டுவதற்கு! பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு என்பதே நினைவு விடாமல் துரத்தும் நோய். கெட்ட கனவாக வரும். ஒரு மணமோ பிரேக் சத்தமோ போதும், நடந்தது மீண்டும் நடப்பதுபோல் உடல் விறைக்கும். அந்த நினைவைக் கிளறும் இடம், ஆள், பேச்சு எல்லாவற்றையும் தவிர்ப்பதும் நோயின் அறிகுறிதான். வீட்டாரும் சேர்ந்து வாய் மூடிக்கொண்டால் நோய்க்குத் துணைபோனதாகத்தான் ஆகும். அதோடு, பெரியவர்களின் மௌனத்தை வளரும் பிள்ளை அன்பாக எடுத்துக்கொள்வதில்லை. 'இது பேசக்கூடாத அசிங்கம். என் மீதும் ஏதோ தவறு இருக்கிறது' என்றே எடுத்துக்கொள்கிறது.

ஆகவே கேட்க வேண்டும். மதிப்பிடும் ஆலோசகர் பெற்றோரை வெளியே உட்காரவைத்துவிட்டு, பிள்ளையிடம் தனியாகக் கேட்க வேண்டும். பெற்றோர் சொல்லும் அறிகுறிகளும் பிள்ளை சொல்லும் அறிகுறிகளும் பெரிதாக ஒத்துப்போவதில்லை என்பது ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டும் உண்மை. 'நன்றாகத்தான் சாப்பிடுகிறான்' என்பார் தந்தை. இரவில் விளக்கை அணைக்கப் பயப்படுவது மகனுக்குத்தானே தெரியும்? தாய் ஏற்கெனவே அழுதுகொண்டிருக்கிறாள், நானும் சொல்லி அவளை வருத்துவானேன் என்று மறைக்கும் பிள்ளைகளும் உண்டு.

'உனக்கு ஏதாவது பிரச்சினையா?' என்று கேட்டால் 'இல்லை' என்ற பதில்தான் வரும். நிகழ்வைப் பெயர் சொல்லியே கேட்க வேண்டும். யாராவது உன்னை அடித்துக் காயப்படுத்தியது உண்டா? உன் விருப்பமில்லாமல் உன் உடலை யாராவது தொட்டது உண்டா? ஒருவர் சாவதையோ படுகாயமடைவதையோ நேரில் பார்த்திருக்கிறாயா? இப்படிக் கேட்பதற்கு முன்பே, எதை இரகசியமாக வைத்துக்கொள்ள முடியும், எதை வைத்துக்கொள்ள முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றாலோ கொடுமை இன்னும் தொடர்கிறது என்றாலோ உரியவர்களிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். பிறகு வாக்கை மீறினால் அந்தப் பிள்ளை இன்னொரு பெரியவரை நம்பாது. மதிப்பீட்டின்போது முழுக் கதையையும் தோண்டி எடுக்க வேண்டியதில்லை. என்ன நடந்தது என்று ஓரிரு வரி போதும். இப்போது அது என்ன செய்கிறது என்பதைத்தான் விரிவாகக் கேட்க வேண்டும். தற்கொலை எண்ணத்தையும் நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை.

இந்த வயதில் நோய் எப்போதும் அழுதுகொண்டு வருவதில்லை. எரிந்து விழுவது, வகுப்புக்குப் போகாதது, புகை, மது, வண்டியைக் கண்மண் தெரியாமல் ஓட்டுவது, கையைக் கீறிக்கொள்வது என்று வரும். பாடத்தில் மனம் நிலைக்காமலும் சிறு ஓசைக்கும் திடுக்கிட்டும் இருப்பவனுக்குக் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு (ஏ.டி.எச்.டி.) என்ற பெயர் எளிதாக விழுந்துவிடுகிறது. ஆசிரியர்கள் அனுப்பும் குறிப்புகளில் 'ஒழுங்கீனம்' என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம், இது எப்போதிலிருந்து என்று ஒரு வரி சேர்த்து எழுதமாட்டார்களா என்று தோன்றும். முந்தைய ஆண்டுவரை சரியாக இருந்தவன் ஒரு மாதத்தில் மாறினான் என்றால் அந்த மாதத்தில் என்ன நடந்தது என்றுதானே முதலில் பார்க்க வேண்டும்?

கட்டுரையாளர் தந்திருந்த கேள்விப் பட்டியலைப் பற்றியும் ஒரு சொல். அதிர்ச்சியின் அறிகுறிகளைப் பிள்ளையிடமே கேட்கும், எட்டே கேள்விகள் கொண்ட க்ரைஸ்-8 போன்ற படிவங்கள் நல்ல கருவிகள்தான். க்ரைஸ்-8இல் 17 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் வந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று பொருள். நோய் உறுதியானது என்று பொருள் அல்ல. நேர்காணல் நடத்தி, அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கின்றனவா, படிப்பையும் உறவுகளையும் கெடுக்கின்றனவா, மனச்சோர்வும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே அந்தப் பெயரைச் சொல்லலாம். 2013இல் வெளியான அமெரிக்க நோய் வகைப்பாட்டு நூலான டி.எஸ்.எம்-5, ஆறும் அதற்குக் குறைந்த வயதும் உள்ள குழந்தைகளுக்குத்தான் தனி அளவுகோல் வைத்திருக்கிறது. பதினான்கு வயதுப் பிள்ளையைப் பெரியவர்களுக்கான அளவுகோலால்தான் அளக்கிறோம். மதிப்பிடுபவர் வயதை மனத்தில் வைத்துக் கேட்காவிட்டால் பல அறிகுறிகள் கண்ணில் படாமல் தவறிப்போகும்.

நிகழ்வு நடந்த மறுநாளே எல்லாரையும் உட்காரவைத்துப் பேசவைக்கும் வழக்கத்தையும் கட்டுரை பாராட்டியிருந்தது. 2014இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், இத்தகைய நிகழ்வுகளுக்கு ஆளான பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் 16 பேருக்கே இந்தக் கோளாறு வந்திருந்தது. மற்றவர்களில் பெரும்பாலோர் வீட்டாரின் துணையோடு தாமாகவே தேறுகிறார்கள். எல்லாரையும் ஒரே அமர்வில் நடந்ததை விவரிக்கச் சொல்வதால் நோய் தடுக்கப்படுவதில்லை. அதனால்தான் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2018 வழிகாட்டுதலில் இத்தகைய அமர்வைத் தர வேண்டாம் என்றது. முதல் மாதத்தில் வேண்டியவை பாதுகாப்பு, தூக்கம், வழக்கமான நாள், கவனித்துக்கொண்டிருக்கும் ஒரு பெரியவர். பேச விரும்பும் பிள்ளையைப் பேசவிடலாம், வற்புறுத்தக் கூடாது. கேளுங்கள் என்று மேலே சொன்னதற்கு இது முரணல்ல. எப்படி இருக்கிறாய் என்று கேட்பது வேறு, கதையைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது வேறு.

தேறாதவர்களுக்கு நிரூபணமான சிகிச்சை இருக்கிறது. அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிதல்-நடத்தை சிகிச்சை பெரும்பாலும் 12 முதல் 16 அமர்வுகள். பெற்றோருக்கும் அதில் வேலை உண்டு. முதலில் உடலின் படபடப்பை அடக்கக் கற்றுக்கொடுத்து, பிறகு அந்த நினைவைப் படிப்படியாகச் சொல்லவைத்து, 'நான் அன்று அந்த வழியாகப் போயிருக்கக் கூடாது' என்பது போன்ற குற்றவுணர்வை எடுத்துப் பரிசீலிக்கிறார்கள். கண் அசைவைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். முறையும் உண்டு. 2013இல் வெளியான ஓர் ஆய்வை இங்கே சொல்லியாக வேண்டும். பாலியல் கொடுமைக்கு ஆளான, 13 முதல் 18 வயதுவரையிலான 61 பெண்பிள்ளைகளில் ஒரு பாதிக்கு நினைவை நேராக எதிர்கொள்ளும் சிகிச்சையும், மறு பாதிக்கு ஆதரவான ஆலோசனையும் தரப்பட்டன. இரு பிரிவினரும் தேறினார்கள். ஆனால் நினைவை எதிர்கொண்டவர்கள் கூடுதலாகத் தேறினார்கள், ஓராண்டு கழித்தும் அந்த வேறுபாடு நிலைத்தது. சிகிச்சை அளித்தவர்கள் அந்த முறையில் முன்அனுபவம் இல்லாத சாதாரண ஆலோசகர்கள். நினைவைத் தொட்டால் பிள்ளை உடைந்துவிடும் என்ற பயத்துக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியாது.

மாத்திரையைப் பற்றி: பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இந்தக் கோளாறுக்கென்று மருந்து தர வேண்டாம் என்பதே அதே நைஸ் வழிகாட்டுதல். கடும் மனச்சோர்வு சேர்ந்திருந்தால் மனநல மருத்துவர் தருவது வேறு விஷயம்.

அந்தப் பெட்டிச் செய்தியைப் பலர் கத்தரித்து வைத்திருப்பார்கள். அடுத்த இதழில் அதே இடத்தில், அதே அளவில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். முதல் வரியாக 'தனியாக, நேராகக் கேளுங்கள்' என்று போட்டால் போதும். ஒரு மாதம் கடந்தும் தொல்லை நீடித்தால் யாரைப் பார்ப்பது என்ற விவரமும் அதிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
பள்ளி ஆலோசகர் ஒருவர்