கூட்டுக் கொள்முதலைப் பருப்பு மூட்டையில் தொடங்குவோம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆண்டுதோறும் மே 5 வணிகர் தினத்தில் சூப்பர் மார்க்கெட் நிறுவனங்களுக்கும் ஆன்லைன் வியாபாரத்துக்கும் எதிராகத் தீர்மானம் போடுகிறோம். ஊர் மளிகைக் கடைகள் ஒன்று சேர்ந்து சரக்கு எடுத்தால் அதைவிடப் பலன் உண்டு. ஆனால் எதில் தொடங்குவது, எங்கே சறுக்கும் என்று தெரிந்து இறங்க வேண்டும்.

சோப்பு, பிஸ்கட்டில் தொடங்க வேண்டாம். கம்பெனிகள் ஏரியாவுக்கு ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் வைத்திருக்கின்றன. முப்பது கடை சேர்ந்து கேட்டாலும் ரேட் பெரிதாக இறங்காது. விலை பேச இடம் இருப்பது மூட்டைச் சரக்கில்தான். ஒரு கடைக்கு வாரம் 50 கிலோ மூட்டையில் துவரம் பருப்பு இரண்டு, உளுந்து ஒன்று, சர்க்கரை மூன்று என்றால் 300 கிலோ. முப்பது கடைக்கு 9 டன், கிட்டத்தட்ட ஒரு லாரி லோடு. மில்லில் நேரடியாகப் பேச இது போதும். 1898இல் பெர்லினில் 21 கடைக்காரர்கள் சர்க்கரை, காப்பி போன்ற சரக்கைச் சேர்ந்து வாங்கத் தொடங்கியதுதான் இன்றைய எடேகா. ஜெர்மனியின் மிகப் பெரிய மளிகை அமைப்பாக வளர்ந்த பிறகும், அதன் கடைகளில் பெரும்பாலானவை தனி வணிகர்கள் கையில்தான் இருக்கின்றன.

விலை பேசும்போதே கால் கிலோ சாம்பிளைக் கட்டி முத்திரை வைத்துவிட வேண்டும். லோடு வந்ததும் இறக்குவதற்கு முன் பத்து மூட்டைக்கு ஒன்றில் குத்தூசியை நடுவிலும் அடியிலும் விட்டு எடுத்து, அந்தச் சாம்பிளோடு ஒரே தட்டில் கொட்டிப் பார்க்க வேண்டும். துவரையில் ஆப்பு மாதிரி ஒருபக்கம் சரிந்த பருப்பு தென்பட்டால் அது கலப்படமாகச் சேர்க்கிற கேசரிப் பருப்பு, லோடைத் திருப்பிவிடலாம். சாக்கு எடை போக நிகர எடைக்கே பணம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

பாக்கெட் போட்டுப் பொதுப் பெயரில் விற்கும் ஆசை எல்லோருக்கும் வரும். கொஞ்சம் பொறுக்கலாம். 25 கிலோ வரை லேபிளோடு கட்டிய பருப்புக்கு 2022 ஜூலை முதல் 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு. 50 கிலோ மூட்டைக்கு இல்லை. சர்க்கரைக்கு எப்படி விற்றாலும் 5 சதவீதம்.

குழு உடைவது பெரும்பாலும் கடனில்தான். பழைய மொத்தக் கடைக்காரர் இரண்டு வாரம் கடன் தருவார். குழு ரொக்கம் கேட்கும். துவரை, உளுந்து கிலோ 100, சர்க்கரை 40 ரூபாய் என்று வைத்தால் ஒரு கடையின் வாரச் சரக்கு 21,000 ரூபாய், மொத்த லோடு 6.3 லட்சம். ஐந்து கடைகள் இரண்டு வாரம் பாக்கி வைத்தால் 2.1 லட்சம் முடங்கும். அடுத்த லோடுக்கான பணத்தில் மூன்றில் ஒரு பங்கு அது. அதனால் ஒவ்வொரு கடையும் இரண்டு வாரச் சரக்குக்கு ஈடான டெபாசிட் கட்ட வேண்டும்; பாக்கி அதைத் தொட்டால் சரக்கு நிற்க வேண்டும், தலைவர் கடையாக இருந்தாலும். பழைய மொத்தக் கடையில் பருப்பைக் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்துக் காட்டி இழுப்பார்கள். அதற்கு ஆறு பேர் போனால் லோடு நிறையாது, மீதிப் பேருக்கு லாரி வாடகை ஏறும். குறைந்தபட்சம் இத்தனை மூட்டை எடுத்தே ஆக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுவது இதற்காகத்தான். விலை ஏறும் என்று கணக்குப் போட்டுக் கூடுதல் லோடு இறக்குவதும் வேண்டவே வேண்டாம். இறங்கினால் நஷ்டத்தை யார் தாங்குவது என்பதிலேயே குழு முடிந்துவிடும்.

வணிகர் சங்கத்தின் பெயரில் கொள்முதல் செய்யாதீர்கள். சங்கக் கணக்கும் சரக்குக் கணக்கும் கலந்தால் இரண்டும் கெடும். தனியாக ஒரு பிரைவேட் லிமிடெட் போதும். 200 பேர் வரை பங்குதாரர் ஆகலாம். மேலே சொன்ன அளவில் ஏழாவது வாரமே விற்பனை ஜிஎஸ்டி பதிவுக்கான 40 லட்சம் வரம்பைத் தாண்டும். ஆகவே ஜிஎஸ்டி பதிவை முதல் நாளே எடுத்துவிடுங்கள்.

முதல் கூட்டத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் தம் கடையில் கடந்த நான்கு வாரம் எந்தச் சரக்கு எத்தனை கிலோ விற்றது என்று எழுதிக் கொண்டுவர வேண்டும். எழுதி வராதவரை முதல் லோடில் சேர்க்க வேண்டாம்.

— சில்லறை மளிகை வணிகர்கள் சிலர், திண்டுக்கல்