ஏழாம் அத்தியாயம்

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் சுகம். மருமகன், பேரப்பிள்ளைகள் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவின் முழங்கால் நோ அப்படியேதான் இருக்கிறது. கிணற்றடி மாமரம் இந்தமுறை நன்றாகப் பூத்திருக்கிறது. ரொறன்ரோவில் பனி கொட்டுகிறது என்று செய்தியில் சொன்னார்கள். இரவில் கார் ஓடாதே. சனிக்கிழமை வகுப்புக்குக் கட்டாயம் போகத்தான் வேண்டுமென்றால் மருமகனை ஓடச் சொல். ஐந்து கிழமையாக உன் போன் வரவில்லை. வேலை கூடவாக இருக்கும் என்று அம்மாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் வகுப்புப் பிள்ளைகளுக்கென்று நீ எழுதிய கதையை இரண்டாம் தரம் வாசித்தேன், இந்தமுறை பென்சிலோடு. சில திருத்தங்கள் இருக்கின்றன.

மூன்றாம் அத்தியாயத்தில் பொடியன் டோர்ச் அடித்துக்கொண்டு பங்கருக்குள் இறங்குகிறான். பற்றரி எங்கே கிடைத்தது அவனுக்கு? பெற்றோலும் பற்றரியும் எங்கள் பக்கம் வராமல் அரசாங்கம் தடைசெய்த பொருள்கள் அல்லவா? ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு திரி. நீ 'அ' எழுதியதே அந்த வெளிச்சத்தில்தான். றேடியோவையும் சேர். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, ஒருவர் பெடல் சுற்ற மற்றவர்கள் செய்தி கேட்போம். சுற்றுகிற கை களைத்தால் செய்தி வாசிக்கிறவரின் குரலும் இறங்கிப் போகும். உன் வகுப்புப் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பொருளாதாரத் தடை என்று கரும்பலகையில் எழுதினால் கொப்பியில் எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். கதைக்குள் அந்தப் பெடலைச் சுற்றிய பிள்ளைதான் "ஏன் பற்றரி இல்லை?" என்று கேட்கும். அந்தக் கேள்வி வந்தபிறகு நீ தடையைப் பற்றிச் சொல்.

1995 இடப்பெயர்வில் "மக்கள் ஓடினார்கள்" என்று எழுதியிருக்கிறாய். யார் ஓடியது? ஓட இடம் இருந்ததா? யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும், நான்கைந்து இலட்சம் சனம், ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்துக்கு வந்தால் காலை வைக்க இடமில்லை. நாலு மைல் நடக்க விடிந்துவிட்டது. மழைத் தண்ணீரைக் குடையை விரித்துப் பிடித்துக் குடித்தார்கள். உனக்குப் பதினொரு வயது, அப்பம்மாவின் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு வந்தாய். நீ கண்ணால் கண்டதை விட்டுவிட்டுப் பத்திரிகை எழுதுகிற மாதிரி ஏன் எழுதுகிறாய்?

யாழ்ப்பாண நூலகம் எரிந்த பகுதி எனக்கு நன்றாகப் பிடித்தது. 97,000 புத்தகம் என்று எண்ணைச் சொல்லி நிறுத்தாமல், முற்றத்தில் விழுந்த கரித்தாளை அப்பம்மா பொறுக்கி, அதில் எந்த எழுத்தாவது தெரிகிறதா என்று பார்ப்பதாக எழுதியிருக்கிறாய். வாசித்து முடித்து அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். கொடிகாமத்து மாமி வந்தபோது அவவுக்கும் காட்டினேன். நான் முப்பத்திரண்டு வருஷம் சரித்திரம் படிப்பித்தவன். ஷெல் விழும்போது பிள்ளைகளை மேசைக்குக் கீழே இருத்திவிட்டு, நின்றபிறகு பராக்கிரமபாகுவின் குளங்களில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கிறேன். வெளியே நடந்ததைப் பற்றி ஒரு பிள்ளையும் கேட்டதில்லை, நானும் வாய் திறந்ததில்லை. நீ செய்வதை நான் செய்யவில்லை.

அதற்காக எல்லாவற்றையும் எழுத வேண்டுமா? ஏழாம் அத்தியாயத்தைத்தான் சொல்கிறேன். 1983 கலவரம் இருக்கிறது, குண்டு விழுந்த நவாலித் தேவாலயம் இருக்கிறது, முள்ளிவாய்க்கால் இருக்கிறது. அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இவற்றையே முழுதாகச் சொல்லி முடியவில்லை. பெற்றோர் வந்து சண்டை பிடித்தால் என்ன செய்வாய்? பிள்ளைகளை வகுப்பிலிருந்து நிற்பாட்டினால்? நாங்கள் பட்டதைச் சொல்ல வெளிக்கிட்டவள், நாங்கள் செய்ததைச் சொல்கிறாள் என்பார்கள். அச்சுக்குக் கொடுக்க முதல் நாலு பேருக்குக் காட்டு. போனிலும் இதைத்தான் சொன்னேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

இரண்டு திகதிகளையும் நீ பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறாய். 1990 ஒக்டோபர் 30, சோனகத்தெரு முஸ்லிம் சனத்துக்கு இரண்டு மணித்தியாலம் கொடுத்து, புலிகள் இயக்கம் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போகச் சொன்ன நாள். 1995 ஒக்டோபர் 30, நாங்கள் பாலத்தில் நின்ற நாள். சரித்திர வாத்தியாருக்கு இது இத்தனை காலம் தட்டுப்படவில்லை என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். அது பொய். பாலத்தில் வைத்தே அப்பம்மா சொன்னா: "அதுகளும் இப்பிடித்தானே தம்பி போச்சுதுகள்." நான் "பேசாமல் வாங்கோ அம்மா" என்றேன்.

உன் கதையில் ஒரு சின்னப் பெட்டை படலையில் நின்று, தையல்கடை நானாவிடம் "அப்பா வீட்டில் இல்லை" என்று சொல்கிறாள். நீ மறந்துவிட்டாய் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அன்று உனக்குக் காய்ச்சல், நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருந்தேன். நானா தையல் மெஷினின் தலையைக் கழற்றி சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தார். இதை வைத்திருங்கள், திரும்பி வந்து எடுக்கிறேன் என்று கேட்கத்தான் வந்திருப்பார். அதை வாங்கி வைத்ததற்கு ஆர் வந்து கேட்பார்களோ என்று எனக்குப் பயம். உன்னைக் கூப்பிட்டு என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். நீ படலைக்குப் போய்ச் சொன்னாய்.

உன் கதையில் அவர் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போகிறார். அப்படி இல்லை. உன் பள்ளிக்கூடச் சட்டையைத் தைத்து, பேப்பரில் சுற்றி, சிவப்பு நூலால் கட்டிக் கொண்டு வந்திருந்தார். அதை உன் கையில் தந்து, நெற்றியில் கை வைத்துப் பார்த்து, "காய்ச்சல் கொதிக்குது, உள்ளே போய்ப் படுங்கோ" என்றார். தைத்த காசு நான் கொடுக்கவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். நான் யன்னல் சீலைக்குப் பின்னால் நின்றேன். என் சைக்கிள் விறாந்தையில் சாத்தியிருந்தது. அதை அவர் பார்த்ததையும் நான் பார்த்தேன்.

அந்தச் சனம் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் வருஷக்கணக்காக இருந்தது. 2002இல் பாதை திறந்தபிறகு கொஞ்சப்பேர் திரும்பி வந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். சோனகத்தெரு எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடம். கடைக்குப் போகிற வழி அதுதான். நான் சுற்றிப் போகிறேன், இப்போதும்.

சரி. ஏழாம் அத்தியாயத்தை எடுக்காதே. சட்டையையும் சிவப்பு நூலையும் சேர். அந்தத் தகப்பனை நல்லவனாக்க வேண்டாம், பயந்தவன் என்றே இருக்கட்டும். வகுப்பில் பிள்ளைகள் கேட்டால், அது உன் அப்பாதான் என்று சொல்ல நினைத்தால் சொல். ஒன்று மட்டும் பார்த்துக்கொள். அந்தப் பெட்டைக்கு ஆறு வயது, காய்ச்சலோடு நிற்கிறாள், சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறாள். கதையில் பிறகு அவளை நித்திரையில்லாமல் அழ வைத்திருக்கிறாய். பொய் அவளுடையது இல்லை. அந்த இடத்தைப் பிள்ளைகளுக்கு வடிவாக விளங்கும்படி எழுது.

அம்மா உன் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறா. பனியில் கார் ஓடாதே.

அன்புடன்,
அப்பா