பன்னிரண்டில் ஒரு மாதம் கேட்கிறேன்

எங்கள் ஊர் கிளை நூலக வாசகர் வட்டத்தின் தலைவருக்கும் செயற்குழுவினருக்கும், வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும், அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். பிளஸ் டூ படிக்கும் அந்தப் பெண் சுஜாதாவின் அறிவியல் புனைகதை நாவலான 'என் இனிய இயந்திரா' பற்றிப் பேச ஐந்து பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். முதல் பக்கம்கூட முடியவில்லை. "இதெல்லாம் பத்திரிகைத் தொடர்கதைம்மா, அடுத்தவங்க பேசட்டும்" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல். சிரிப்பு. அவள் நோட்டை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, கூட்டம் முடியும்வரை மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்க வந்த கேள்வி என்ன என்று உங்களில் யாருக்காவது காதில் விழுந்ததா? அந்த நாவலில் வருவதுபோல, குடிமக்கள் பெயர் இரண்டு எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்று ஓர் அரசு ஏன் நினைக்கும், அதில் அதற்கு என்ன லாபம். மூன்று மாதம் தஸ்தயேவ்ஸ்கியின் 'கரமசோவ் சகோதரர்கள்' நாவலைப் பேசினோமே, இந்த அளவுக்கு ஒரு நேரான கேள்வி அதில் வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. (பாதிப் பேர் பாதிகூடப் படிக்கவில்லை. நானும் கடைசி நூறு பக்கத்தை அப்புறம்தான் முடித்தேன்.)

தொடர்கதை என்பதுதான் குற்றம் என்றால், ஜனவரியில் நாம் பேசப்போகும் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாராவாரம் எதில் வந்தது? க.நா.சு. போன்ற விமர்சகர்கள் அன்றைக்குக் கல்கியை இலக்கியக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. இன்று நீங்கள் அவரைச் செவ்வியல் பட்டியலில் முதலில் எழுதுகிறீர்கள், சுஜாதாவை வாசலிலேயே நிறுத்துகிறீர்கள். கதை நடக்கும் 2021-ஏ தாண்டிப்போய்விட்டது, இனி அதில் என்ன என்றார் ஒரு அன்பர். ஆர்வெல் 1949-இல் வெளியிட்ட நாவலின் தலைப்பிலேயே 1984 இருக்கிறது ஐயா, அதற்காக யாரும் அதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடவில்லை.

சுஜாதாவிடம் குறையே இல்லை என்று நான் வாதாடவில்லை. அவசரம் உண்டு, சில பாத்திரங்கள் வந்த வேலை முடிந்ததும் காற்றில் கரைந்துவிடும். அதைச் சொல்லத்தானே கூட்டம்? அந்த நாவலில் வரும், புத்தகம் படிக்கப் படிக்க அறிவு வளரும் ஓர் இயந்திர நாயை வாசகர் வட்டமே உள்ளே விடாது என்பதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

கேட்பது ஒன்றே ஒன்று. வருஷத்துக்குப் பன்னிரண்டு கூட்டம், அதில் ஒரு மாதம் அறிவியல் புனைகதைக்கு.

நூலகத்தில் அந்த நாவலுக்கு இருப்பது ஒரே பிரதி. அட்டை கிடையாது, முதல் பதினாறு பக்கம் கிடையாது, பின்னால் ஒட்டிய தேதிச் சீட்டில் முத்திரை குத்த இடம் இல்லாமல் மேலே இன்னொரு சீட்டு ஒட்டி, அதுவும் நிரம்பிவிட்டது. பக்கத்து அலமாரியில் உங்கள் பட்டியலில் உள்ள மூன்று நூல்களை எடுத்துப் பார்த்தேன். ஒன்றின் சீட்டில் ஒரே முத்திரை, மற்ற இரண்டும் வெள்ளை வெளேர். ஆனால் இருபத்தைந்து பேர் உட்காரும் அறைக்கு வாடகை மைக் உண்டு, மாதாமாதம் சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை உண்டு, அதைப் போர்த்தும் படம் வாட்ஸ்அப்பில் நாற்பது தடவை வரும், ஒரு புத்தகத்துக்கு அட்டை போட மட்டும் நிதி இல்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன், கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

புனிதம் வேண்டும் என்றால் புதுமைப்பித்தனையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' என்ற அறிவியல் புனைகதையைப் 'பிரேத மனிதன்' என்று தமிழுக்குக் கொண்டுவந்தவர் அவர். மேரி அதை எழுத உட்கார்ந்தபோது வயது 18. நாம் உட்காரவைத்த பெண்ணுக்கு 17.

ஆகவே மறுபடியும், பணிவாகவே: பன்னிரண்டில் ஒரு மாதம். ஜூன் என்றால் அவளுக்குப் பரீட்சையும் முடிந்திருக்கும். அவளைக் கூப்பிட்டு, அந்த ஐந்து பக்கத்தையும் முழுக்கப் பேசவிடுங்கள், யாரும் குறுக்கே வராமல். அந்தப் பிரதியைப் பைண்டிங்குக்குக் கொடுக்கும் செலவு என்னுடையது, விட்டுப்போன பதினாறு பக்கத்தையும் என் வீட்டுப் பிரதியிலிருந்து நகலெடுத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒன்பது வருஷமாகச் சந்தா கட்டும் பின்வரிசை உறுப்பினன்