கல்லை நான் மாற்றவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருச்சி பெரிய கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் கல் கட்டும் வேலையும் சில்லறை ரிப்பேரும் செய்து பிழைக்கிறவன் நான். லேப் வைரம் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை டீக்கடையில் வைத்துப் படித்தேன். லேப்பில் வளர்த்த வைரம், அமெரிக்கன் டைமண்ட், கண்ணாடிக் கல் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி "போலி" என்று எழுதியிருந்தது. இந்த மாதிரி மொத்தமாகப் பெயர் வைப்பதால்தான் போன தை மாதம் என்னைத் திருடன் என்று சொல்கிற நிலை வந்தது, அதனால் இதை எழுதுகிறேன்.

கல்யாண சீசன். ஒரு அம்மா மகளோடு வந்தார், மோதிரத்தைக் கொஞ்சம் பெரிசு பண்ண வேண்டும் என்று. 22 கேரட், ஹால்மார்க் போட்டது, நடுவில் மாதுளை முத்து நிறத்தில் ஒரு சிவப்புக் கல். பில்லும் கையோடு இருந்தது, அதில் "ரூபி - 1", அதாவது மாணிக்கம் ஒன்று, என்று ஒரு வரி, அவ்வளவுதான். வழக்கம்போல கல்லை ஈரத்துணியால் பொதிந்துவிட்டு, அடிப்பக்கம் அறுத்து, துண்டு சேர்த்து, பொடி வைத்து, நெருப்பை ஊதிப் பற்றவைத்தேன். நல்ல மாணிக்கம் இந்தச் சூட்டுக்கெல்லாம் அசையாது, மெதுவாகச் சூடேற்றி மெதுவாக ஆற விட்டால் போதும். ஆறிய பிறகு திராவகத்தில் போட்டு எடுத்தேன். கல் முழுக்க வெள்ளை வெள்ளையாக நரம்பு ஓடியிருந்தது, ஐஸ் கட்டி விரிசல் விட்ட மாதிரி. ஒரு நிமிஷம் எனக்குக் கை கால் ஓடவில்லை.

"என்ன பத்தரே, எங்க கல்லை எடுத்துட்டு வேற வச்சிட்டீங்களா?" என்று அந்த அம்மா கேட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். சந்தில் நாலு பேர் கூடிவிட்டார்கள். முப்பது வருஷமாக அதே சந்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

என் செலவிலேயே சென்னைக்கு அனுப்பிப் பரிசோதித்தேன். ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கம் என்று ரிப்போர்ட் வந்தது. விஷயம் இதுதான்: விரிசல் விழுந்து, ஒன்றுக்கும் ஆகாமல் கிடக்கும் மட்டமான கல்லை எடுத்து, அழுக்கை அமிலத்தில் போக்கி, உலையில் வைத்து ஈயம் கலந்த கண்ணாடியை உருக்கி விரிசலுக்குள் இறக்குவார்கள். விரிசல் கண்ணுக்கு மறைந்துவிடும், கல் பளபளவென்று ஆகிவிடும். 2004 வாக்கில் இருந்து இது சந்தையில் புழங்குகிறது. ஊதினால் கண்ணாடி கெடும், திராவகத்தில் போட்டால் கரையும், வீட்டில் எலுமிச்சைச் சாறு பட்டால்கூட மேல்பக்கம் அரிக்கும். லென்ஸ் வைத்துத் திருப்பிப் பார்த்தால் உள்ளே குமிழியும் நீல நிற மின்னலும் தெரியும். நான் வேலைக்கு முன் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை, அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விற்ற கடையில் போய்க் கேட்டதற்கு, "அதுவும் ரூபிதானே, நாங்க பொய் எழுதலையே" என்றார்களாம். நினைத்துப் பார்த்தால் அவர்கள் சொன்னதும் பொய் இல்லை. பில்லில் மீதியை விட்டுவிட்டார்கள், அந்த மீதிதான் என் தலையில் வந்து விழுந்தது.

கல்லுக்குச் சூடு வைப்பதே மோசடி என்று நான் சொல்ல வரவில்லை. இலங்கையில் கெவுடா என்று ஒரு கல் உண்டு, பால் கலந்த மாதிரி மங்கலாக இருக்கும், முன்னெல்லாம் அதை யாரும் மதிக்கவில்லை. 1970களில் தாய்லாந்துக்காரர்கள் அதை வாங்கிப்போய் 1,500 டிகிரிக்கு மேல் சூடேற்றி நல்ல நீலமாக மாற்றி விற்றார்கள். அந்த நிறம் போகாது. இன்று கடையில் இருக்கும் நீலக்கல், மாணிக்கம் பெரும்பாலும் சூடு கண்டவைதான், சூடு காணாததற்கு விலை தனி. மரகதத்துக்கு எண்ணெய் ஏற்றுவதும் பழைய பழக்கம், விரிசல் தெரியாமல் இருக்க. அதைச் சொல்லிவிட்டு விற்றால், வாங்குகிறவர் வெந்நீரில் போட்டு ஊற வைக்காமலாவது இருப்பார், மெஷினில் போட்டுக் கழுவாமல் நாங்களும் ஜாக்கிரதையாக இருப்போம்.

இப்போது செயற்கைக் கல்லுக்கு வருகிறேன், இதில் எனக்குக் கொஞ்சம் ரோஷம் உண்டு. என் அப்பா கல் பட்டறைக்காரர். திருச்சியிலும் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலும் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு சாணை ஓடியது, குச்சி நுனியில் அரக்கு வைத்துக் கல்லை ஒட்டி, ஒரு கடுகு அளவு கல்லில் 57 பட்டை போடுவார்கள். பெண்கள்தான் நிறைய. தீட்டியது எல்லாம் செயற்கைக் கல். வெர்னாய் என்ற பிரெஞ்சுக்காரர் 1902இல் வெளியிட்ட முறை அது: அலுமினிய ஆக்சைடு பொடியோடு துளி குரோமியம் சேர்த்து நெருப்புக்குள் தூவினால், கீழே உருகி விழுந்து சில மணி நேரத்தில் ஒரு சிவப்புக் கட்டை வளர்ந்து நிற்கும். வேதியியல்படி அது மாணிக்கமேதான், பூமிக்குள் விளையவில்லை என்பதுதான் வித்தியாசம். லென்ஸில் பார்த்தால் வளர்ந்த கோடுகள் வளைந்து தெரியும், இயற்கைக் கல்லில் நேராக இருக்கும். பழைய கைக்கடிகாரங்களில் "17 ஜூவல்ஸ்" என்று போட்டிருக்குமே, கடிகாரத்துக்குள் வைத்த அந்தச் சின்னக் கற்கள் எல்லாம் இந்த வகைதான். சீனாவிலிருந்து மெஷினில் தீட்டிய கல் வந்து எங்கள் சாணைகளை நிறுத்தியது வேறு கதை. ஆனால் அந்தக் கல்லை எங்கள் அப்பா ஒருநாளும் "ஒரிஜினல்" என்று சொல்லி விற்றதில்லை. செயற்கை என்று சொல்லியே விற்றார், சோறும் கிடைத்தது.

ஆகவே லேப்பில் வளர்ந்ததை லேப் என்று சொன்னால் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. 2023இல் பிரதமர் மோடி அப்போதைய அமெரிக்க அதிபர் பைடனின் மனைவிக்கு 7.5 காரட் எடையுள்ள லேப் வைரத்தைத்தான் பரிசாகக் கொடுத்தார், லேப் வைரம் என்று சொல்லியே கொடுத்தார். அதே வருஷம் இந்த வைர ஆராய்ச்சிக்காக சென்னை ஐஐடிக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 242 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். லேப் வைரமும் வைரமேதான், அதுவும் கரிதான் (கார்பன்). ஆனால் ஒரு எச்சரிக்கை: லேப் வைரத்தின் விலை சில வருஷங்களாகச் சரிந்துகொண்டே வருகிறது, திரும்ப விற்கப் போனால் கை விரிக்கும் கடைகளைப் பார்க்கிறேன். மகள் கல்யாணத்துக்குச் சேமிப்பு என்று நினைத்து வாங்காதீர்கள், போட்டு அழகு பார்க்க என்றால் தாராளமாக வாங்குங்கள்.

அமெரிக்கன் டைமண்ட் வேறு சாமான். அது சிர்கோனியா, வைரமே கிடையாது, 1970களின் பிற்பாதியில்தான் நகைக்கு வந்தது. கடைகளில் அதை "ஜிர்கான்" என்று சொல்கிறார்கள், அதுவும் தப்பு, ஜிர்கான் என்பது மண்ணில் கிடைக்கும் இன்னொரு கல். இலங்கையில் அதன் வெள்ளை ரகத்தை ஒரு காலத்தில் "மாத்தறை வைரம்" என்றே விற்றார்கள், ஆக இந்தப் பெயர்க் குளறுபடி இன்று நேற்று வந்ததில்லை. நம் வீடுகளில் சொல்லும் "புளூ ஜாகர்" கதையும் அப்படித்தான். தென்னாப்பிரிக்காவில் ஜாகர்ஸ்ஃபான்டெய்ன் என்ற சுரங்கத்தில் கிடைத்த வைரத்துக்கு வந்த பெயர் அது, இப்போது பாட்டி கொடுத்த வெள்ளைக் கல் எல்லாமே புளூ ஜாகர்!

சிர்கோனியாவில் இன்னொரு விஷயம் இருக்கிறது, அது பணம். அதே அளவு வைரத்தைவிட அது கிட்டத்தட்ட 1.7 மடங்கு எடை. கல் வைத்த ஆரத்தையோ அட்டிகையையோ மொத்தமாகத் தராசில் வைத்துத் தங்க விலை போட்டால், நூறு ரூபாய்க் கல்லைத் தங்க விலைக்கு வாங்குகிறீர்கள். விற்கப் போகும்போது மட்டும் கல் எடையைக் கழித்துவிடுவார்கள். ஹால்மார்க் நகைக்குப் பில்லில் தங்கத்தின் நிகர எடையைத் தனியாகக் காட்ட வேண்டும் என்று விதியே இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். அப்புறம் அந்த ஹால்மார்க்கும், கூடவே நகையில் பொறித்திருக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியும் தங்கத்துக்கு மட்டும்தான். அந்த அம்மாகூட "ஹால்மார்க் நகைங்க, கல் எப்படி மட்டமா இருக்கும்?" என்றுதான் கேட்டார். கல்லைப் பற்றி அந்த முத்திரை ஒரு வார்த்தை சொல்வதில்லை.

வீட்டுச் சோதனைகளையும் நம்ப வேண்டாம். பாலில் போட்டால் பால் சிவக்கும் என்பார்கள், செயற்கைக் கல்லைப் போட்டாலும் அப்படித்தான் தெரியும். டெஸ்டர் பேனா கத்தினால் வைரம் என்பார்கள், லேப் வைரத்துக்கும் அது கத்தும், பழைய பேனா என்றால், வைரம் மாதிரியே தெரியும் மொய்சனைட் என்ற வேறு கல்லுக்கும் கத்தும். ராசிக்கல் வாங்குபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் இயற்கைக் கல்தான் வேலை செய்யும் என்று நம்பிப் பணம் கொடுப்பவருக்குக் கண்ணாடி நிரப்பியதைத் தள்ளிவிடுவது எந்தக் கணக்கில் சேர்த்தி?

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. பில்லில் கல் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வார்த்தை: இயற்கை, சூடேற்றியது, கண்ணாடி நிரப்பியது, லேப், இமிட்டேஷன், இதில் எதுவோ அது. எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள், ஏமாந்திருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். உங்கள் பத்திரிகையிலும் நகை விளம்பரத்தில் "அசல் ரூபி" என்று வரும்போது, எந்த அசல் என்று கேட்டுவிட்டுப் போடுங்கள் ஐயா.

அந்த அம்மா போன வாரம் மறுபடியும் வந்தார். ஒரு ஜோடித் தோடு, திருகு போட வேண்டும். "முதல்ல லென்ஸ் வச்சுப் பாத்து எழுதிக் குடுங்க பத்தரே, அப்புறம் தொடுங்க" என்றார். பார்த்தேன், பேனாவும் வைத்தேன், சீட்டில் எழுதினேன்: வெள்ளைக் கல் 14, சிர்கோனியா, வைரம் அல்ல. வாங்கிப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மாமியார் புளூ ஜாகர் என்று சொல்லிப் போட்டுவிட்டதாம்.

இப்படிக்கு,
கல் கட்டும் தொழிலாளி ஒருவர்,
திருச்சி