எட்டு பிட் கணினியில் சி மொழி ஓடும். எழுதும் முறைதான் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வீட்டுக் கணினிகளைப் பற்றி அண்மையில் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், கமடோர் 64 என்ற எட்டு பிட் கணினிக்கு பேசிக் மொழியிலோ, செயலியின் கட்டளைகளையே நேராக எழுதும் அசெம்பிளியிலோதான் நிரல் எழுத முடியும், சி மொழி அதற்கு ஒத்துவராது என்று ஒரு வரி இருந்தது. அந்தக் கணினியின் செயலி சி மொழிக்கு வசதியானதல்ல என்பது சரி. ஆனால் எழுத முடியாது என்பது சரியில்லை. 1980களிலேயே அந்தக் கணினிக்கு பவர் சி போன்ற கம்பைலர்கள் (சி நிரலைச் செயலியின் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்கள்) விற்பனைக்கு இருந்தன. இன்று சிசி65 என்ற இலவசக் கம்பைலரை நம் மடிக்கணினியில் நிறுவி, உருவாகும் நிரலை, அந்தப் பழைய கணினியைப்போலவே நடந்துகொள்ளும் வைஸ் என்ற எமுலேட்டரில் ஓட்டிப் பார்க்கலாம். மாணவர்கள் அந்த வரியைப் படித்துவிட்டு முயலாமலே இருந்துவிடக் கூடாது என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

சி மொழி 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில், பிடிபி 11 கணினியின் மீது வளர்ந்தது. அதில் பதினாறு பிட் ரிஜிஸ்டர்கள், அதாவது செயலிக்குள்ளேயே உள்ள சேமிப்பிடங்கள், எட்டு உண்டு. ஸ்டாக்கில், அதாவது ஃபங்ஷன்கள் தற்காலிக மதிப்புகளை அடுக்கி வைக்கும் நினைவக இடத்தில், கிடக்கும் மதிப்பை ஒரே கட்டளையில் எடுத்துவிடலாம். 1982இல் வந்த கமடோர் 64இல் இருப்பது 6510 செயலி, 6502இன் சிறு மாற்றம். அதில் ஏ, எக்ஸ், ஒய் என்று எட்டு பிட் ரிஜிஸ்டர்கள் மூன்றுதான். ஸ்டாக் 256 பைட். பெருக்கல் கட்டளை கிடையாது. ஐரோப்பிய மாதிரியில் கடிகாரம் நொடிக்கு 9,85,248 முறை துடிக்கும். திரையில் ஒரு படச்சட்டம் வரைந்து முடிவதற்குள் நமக்குக் கிடைப்பது 19,656 துடிப்புகள். அதிலும் ஆயிரத்துக்குச் சற்று மேல் திரைச் சில்லு எடுத்துக்கொள்ளும். அமெரிக்க மாதிரியில் சட்டத்துக்கு 17,095தான். ஐரோப்பிய மாதிரியில் விளிம்பு வரை நிரப்பி எழுதிய விளையாட்டு அங்கே தடுமாறுவது இதனால்தான். வைஸ் எமுலேட்டரில் இரண்டு மாதிரியையும் மாற்றி மாற்றிச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

256 பைட் ஸ்டாக் போதாது என்பதால் சிசி65 நினைவகத்தில் தனக்கென்று வேறொரு ஸ்டாக்கை அமைத்துக்கொள்கிறது. வேகம் போவது பெரும்பாலும் இங்கேதான். ஃபங்ஷனுக்குள் சாதாரணமாக அறிவித்த மாறியை எடுக்க, ஒய் ரிஜிஸ்டரில் அதன் தூரத்தை ஏற்றி, பூஜ்ஜியப் பக்கத்தில் (நினைவகத்தின் முதல் 256 பைட்டில்) உள்ள, முகவரியைத் தாங்கும் பாயின்டர் வழியாகப் போக வேண்டும். ஒரு பைட்டுக்கு 7 துடிப்பு. அதே மாறி நிலையான முகவரியில் இருந்தால் 4 போதும். மாறி பதினாறு பிட் என்றால் அதை எடுக்கப் பெரும்பாலும் தனித் துணைநிரல் கூப்பிடப்படும். கூப்பிட்டுத் திரும்பவே 12 துடிப்பு போய்விடும்.

திரையைத் துடைக்கும் லூப்பை எடுத்துக்கொள்வோம். 40 பத்தி, 25 வரிசை, ஆக 1,000 கட்டங்கள். பாடப்புத்தகப் பழக்கத்தில் இன்ட் வகை மாறி ஒன்றை ஃபங்ஷனுக்குள் அறிவித்து, 0 முதல் 999 வரை ஓட்டினால் கட்டத்துக்கு நூறு துடிப்புக்கு மேல் செலவாகும். மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டும், அதாவது ஐந்து படச்சட்டங்களுக்கு மேல். திரை மேலிருந்து கீழாக அழிவது கண்ணுக்கே தெரியும். அதே மாறியை ஸ்டாட்டிக் அன்சைன்ட் சார் என்று அறிவியுங்கள். 250 முறை மட்டும் சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் 1024, 1274, 1524, 1774 ஆகிய நான்கு முகவரிகளிலிருந்து அதே தூரத்தில் எழுதுங்கள். வேலை ஒரே படச்சட்டத்துக்குள் அடங்கிவிடும். நினைவகத்தை ஒரே மதிப்பால் நிரப்பும் மெம்செட் இன்னும் நல்லது, அது அசெம்பிளியிலேயே எழுதப்பட்ட நூலக ஃபங்ஷன்.

ஒவ்வொரு மாறிக்கும் ஸ்டாட்டிக் என்று எழுதச் சலிப்பாக இருந்தால், மொத்தமாக அப்படி ஆக்கும் தேர்வு கம்பைலரிலேயே உண்டு. அதை இயக்கிவிட்டுத் தன்னைத் தானே கூப்பிடும் ஃபங்ஷன் எழுதினால், உள்ளே போன அழைப்பு வெளியே இருந்ததன் மதிப்புகளை மிதித்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, விடை மட்டும் தப்பாக வரும். இன்னொன்று, ஒரு ஃபங்ஷனின் ஸ்டாக் மாறிகள் எல்லாம் சேர்ந்து 256 பைட்டைத் தாண்ட முடியாது, ஏனென்றால் தூரத்தைச் சொல்லும் ஒய் ரிஜிஸ்டர் எட்டு பிட்தான். பெரிய பஃபர்களை ஃபங்ஷனுக்கு வெளியே வைத்துவிட வேண்டும்.

அடுத்து ஸ்ட்ரக்சர் அரே, அதாவது பல விவரங்களைச் சேர்த்த தொகுப்புகளின் வரிசை. எதிரிக் கப்பல் ஒவ்வொன்றுக்கும் ஏழு பைட் ஸ்ட்ரக்சர், அதில் பதினாறு கொண்ட அரே என்றால், ஒவ்வொரு முறை தொடும்போதும் எண்ணை ஏழால் பெருக்கி, தொடக்க முகவரியோடு கூட்டி, பாயின்டர் ஆக்கி, அதன் வழியாகப் போக வேண்டும். இதைப் புரட்டிப் போடுங்கள்: கிடைநிலைக்கு ஓர் அரே, குத்துநிலைக்கு ஓர் அரே, நிறத்துக்கு ஓர் அரே, எல்லாம் அன்சைன்ட் சார். உறுப்புகள் 256க்குள் இருந்தால் கப்பலின் எண் ரிஜிஸ்டரில் ஏறிய பிறகு மதிப்பை எடுக்க நான்கே துடிப்பு. கல்லூரியில் அழகு என்று கற்ற தரவு அமைப்பு இங்கே வேகத்துக்கு எதிரி. என் கணிப்பில் கம்பைலரின் எல்லா வேகத் தேர்வுகளையும்விட இந்த ஒரு மாற்றம் அதிகப் பலன் தரும். திரை வரிசையின் முகவரியையும் 40ஆல் பெருக்கிப் பெருக்கிக் கண்டுபிடிக்க வேண்டாம். 25 முகவரிகளை முன்கூட்டியே 50 பைட் அட்டவணையாக வைத்துவிட்டால் போதும்.

நம் ஊர்க் கல்லூரி ஆய்வகங்களில் டர்போ சி என்ற பழைய கம்பைலரில் பழகியவர்களுக்குச் சில விஷயங்கள் வீட்டுக்கு வந்ததுபோல இருக்கும். சிசி65இலும் இன்ட் பதினாறு பிட், 32,767தான் உச்சம். திரை வேலைக்கான கோனியோ தலைப்புக் கோப்பும், திரையைத் துடைக்கும் கிளியர்ஸ்கிரீனும், கர்சரை நகர்த்தும் கோட்டு எக்ஸ்ஒய்யும் இங்கேயும் உண்டு. ஆனால் டர்போ சியில் திரையின் முதல் இடம் 1, 1. இங்கே 0, 0. இன்னும் பெரிய வேறுபாடு, டர்போ சியில் சார் வகைக்கு எதிர்மறை எண் உண்டு, இங்கே கிடையாது. பத்திலிருந்து கீழே எண்ணி, பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் நில் என்று சார் மாறியில் எழுதிய லூப் நிற்கவே நிற்காது. பூஜ்ஜியத்துக்கு அடுத்து 255 வந்துவிடும். பின்ன எண்களுக்கான ஃப்ளோட் வகை அறவே இல்லை. பின்னம் தேவைப்பட்டால் 256ஐ ஒன்று என்று வைத்துக் கணக்கிட வேண்டும். ஒன்றரை வேகம் என்றால் 384. மேல் பைட் முழு எண், கீழ் பைட் பின்னம். எழுத்தையும் எண்ணையும் வடிவமைத்து அச்சிடும் பிரின்ட்எஃப் ஒன்றைச் சேர்த்தாலே நிரல் சில கிலோபைட் பருக்கும். வெறும் எழுத்தைத் திரையில் போட சிபுட்ஸ் போதும்.

எழுத்துக் குறியீட்டிலும் கவனம் வேண்டும். எழுத்துகளுக்கு எண் தர கமடோர் பயன்படுத்துவது பெட்ஸ்கி என்ற குறியீடு, வழக்கமான ஆஸ்கி அல்ல. மேற்கோள் குறிக்குள் எழுதுவதை சிசி65 தானே மாற்றித் தரும். ஆனால் திரை நினைவகத்தில் வேண்டியது மூன்றாவதாக ஒரு குறியீடு. சிறிய ஏ எழுத்தின் பெட்ஸ்கி எண் 65, திரைக் குறியீடோ 1. 1024ஆம் முகவரியில் 65 என்று நேராக எழுதினால், எந்த எழுத்துத் தொகுதி இயங்குகிறதோ அதைப் பொறுத்துப் பெரிய ஏ தோன்றும், அல்லது சீட்டுக்கட்டின் ஸ்பேடு தோன்றும்.

நினைவகக் கணக்கு பலரை விழவைக்கும் இடம். பேசிக்கில் 38,911 பைட் கிடைக்கும். சிசி65 பேசிக் ரோமை (பேசிக் மொழி பதிந்த, படிக்க மட்டும் முடியும் நினைவகத்தை) அணைத்துவிடுவதால் 2049 முதல் 53247 வரை 51,199 பைட் நம்முடையது, அதில் 2,048 ஸ்டாக்குக்கு. தாராளம்தான். ஆனால் ஸ்பிரைட் எனப்படும் நகரும் சிறு படங்களைத் திரைச் சில்லு பார்க்கும் 16 கிலோபைட்டுக்குள் வைக்க வேண்டும், வழக்கமான அமைப்பில் அது நினைவகத்தின் முதல் 16 கிலோபைட். அதிலும் 4096 முதல் 8191 வரை அந்தச் சில்லுக்குத் தெரிவது எழுத்து வடிவங்கள் உள்ள ரோம், நாம் எழுதியது அல்ல. ஆகவே பலரும் 8192இல் படங்களை வைப்பார்கள். நிரலும் மாறிகளும் சேர்ந்து 6,143 பைட்டைத் தாண்டும் நாளில் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஸ்பிரைட்டுகள் புள்ளிக் குப்பையாக மாறும், அல்லது நிரல் உறைந்துவிடும். நிரலின் பகுதிகளை இணைக்கும் லிங்கரிடம், நினைவக ஒதுக்கீட்டைக் காட்டும் மேப் கோப்பு கேட்டு வாங்கி, ஒவ்வொரு பகுதியும் எங்கே முடிகிறது என்று பார்க்கும் பழக்கம் அவசியம். மூன்று ஸ்பிரைட் மட்டும் போதுமென்றால் டேப்புக்கென ஒதுக்கிய கேசட் பஃபரில் 832, 896, 960 ஆகிய முகவரிகள் காலியாகவே கிடக்கும். 2040இலிருந்து தொடங்கும் சுட்டிகளில் 13, 14, 15 என்று எழுதினால் போதும்.

ஆஸ்கார்64, எல்எல்விஎம் மாஸ் ஆகிய புதிய கம்பைலர்கள் எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிடுகிறது என்று தாமே ஆராய்ந்து, தன்னைக் கூப்பிடாதவற்றின் மாறிகளுக்கு நிலையான இடம் ஒதுக்கிவிடும். வேகம்தான் முக்கியம் என்றால் இவற்றில் தொடங்கலாம். சி மொழியால் முடியாததும் உண்டு. முழுத் திரையையும் நகர்த்தும்போது நிற நினைவகம் 55296ஐ விட்டு நகராது, அதன் 1,000 பைட்டையும் ஒரே படச்சட்டத்துக்குள் மாற்றியாக வேண்டும். அந்த ஒரு துணைநிரலையும், திரை குறிப்பிட்ட வரிக்கு வந்ததும் இயங்கும் ராஸ்டர் இன்டரப்ட்டையும் அசெம்பிளியில் எழுதி, சி நிரலிலிருந்து கூப்பிடுவதே முறை.

உண்மையான கணினி கையில் கிடைத்தவர்களுக்கு ஒன்று. பழைய கறுப்பு மின்வழங்கியை நேராகச் செருகாதீர்கள். அதன் உள்ளே உள்ள ரெகுலேட்டர் கெட்டால் 5 வோல்ட் வழி ஏறி, நினைவகச் சில்லுகளைக் கொன்றுவிடும். மல்டிமீட்டரில் 5.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அதை ஒதுக்கிவிட்டுப் புதியது வாங்குங்கள். அளவு சரியாக இருந்தாலும் அது நாளைக்கும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி