கிறிஸ்துமஸ் மரம்: எதை வாங்கட்டும்?

ராயபுரம்

அன்பு மகளுக்கு,

பேத்திக்கு பிளாஸ்டிக் மரம் வேண்டாம், நிஜ மரம்தான் வேண்டும் என்று எழுதியிருந்தாய். இங்கே சுலபமாகக் கிடைப்பவை சவுக்கு, துஜா, அரவுக்கேரியா. உங்கள் ஊர் ஃபிர், ஸ்புரூஸ் நம் வெக்கையில் நிற்காது.

ஆறடி உயரம் வேண்டுமென்றால் சவுக்குக் கொப்புதான். ஊசி மாதிரித் தெரிவது இலை அல்ல, கணுக்கணுவான பச்சைக் குச்சி. ஈரம் குறைந்தால் கொட்டிவிடும். அதனால் 23ஆம் தேதிக்கு முன் வாங்கக்கூடாது. அடியில் ஓர் அங்குலம் அறுத்துவிட்டு உடனே தண்ணீர் வாளியில் நிறுத்தி, ஜல்லி போட்டு இறுக்க வேண்டும். மணல் போட்டால் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. நுனி துவளும், நட்சத்திரத்துக்குத் தனியாகக் கம்பு கட்ட வேண்டும்.

துஜா வேண்டாம். அடர்ந்த செடி, அலங்கார உருண்டை தொங்கவிட இடமே இருக்காது.

என் ஓட்டு அரவுக்கேரியாவுக்கு. பசிபிக் கடலில் இருக்கும் நியூ கலிடோனியா, நார்ஃபோக் தீவுப் பக்கத்து மரம், உப்புக்காற்று பழகியது. மாதவரம் பக்கம் நர்சரியில் மூன்றடிச் செடியாகப் பார்க்கிறேன். முதலில் நுனிக்குருத்து முழுசாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பக்கக் கிளையை வெட்டி நட்டு வளர்த்த செடியென்றால் நிமிராமல் படுத்தே வளரும். அடிக்கிளை உதிர்ந்த செடியும் ஆகாது. போன கிளை திரும்ப முளைக்காது. கிளை மெலிசு, ஆகவே கண்ணாடி உருண்டை வேண்டாம். காகித நட்சத்திரமும் எல்.இ.டி. சரமும் போதும். ஸ்ப்ரே பெயின்ட் கூடவே கூடாது, இலை மூச்சுவிட வழியிருக்காது.

வீட்டுக்குள் பத்து நாள் தாங்கும், ஏ.சி. காற்று நேராகப் படாமல் இருந்தால். மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர். தட்டில் தேங்கினால் வேர் அழுகும். பண்டிகை முடிந்ததும் நேரே மொட்டைமாடி வெயிலில் வைத்தால் கருகும். ஒரு வாரம் நிழல், அப்புறம் காலை வெயில். தரையில் நடும் எண்ணம் வேண்டாம், தென்னையை விட உயரமாகப் போகும் மரம், நம் சந்தில் எங்கே நிற்கும்? தொட்டியிலேயே இருந்தால் அடுத்த வருஷமும் ஆகும்.

சவுக்கா, அரவுக்கேரியாவா என்று டிசம்பர் 10க்குள் சொல்லிவிடு மா. கடைசி வாரத்தில் நல்ல குருத்துள்ள செடியெல்லாம் போய்விடும்.

அப்பா